காசு அனுப்ப முன்னம் கிலோமீற்றரைக் கேளுங்கள்

ஊரிலிருக்கும் தாய் தகப்பனுக்குக் கார் வாங்கிக் கொடுக்க நினைக்கும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு,

ரொறன்ரோவிலும் லண்டனிலும் சூரிச்சிலும் பாரிஸிலும் இருந்து இதை வாசிக்கிற உங்களில் சிலருக்கு நான் கணக்குப் படிப்பித்திருக்கிறேன். சிலருடைய காதைத் திருகியும் இருக்கிறேன். அதற்கு இப்போது மன்னிப்புக் கேட்கிறேன். இன்றைக்கு எழுதுவதும் ஒரு கணக்குத்தான். அதை நீங்கள் பிழையாகச் செய்கிறீர்கள். விடையை மட்டும் எழுதிவிட்டுச் செய்கையைக் காட்டாமல் விடுகிறீர்கள்.

இணுவிலில் எங்கள் ஒழுங்கையில் பதினொரு வீடுகள். ஐந்து வீட்டில் கார் நிற்கிறது. அதில் மூன்று ஹைபிரிட். மூன்றும் நீங்கள் அனுப்பிய காசில் வந்தவை, மூன்றும் போட்டிகோவில் சீலை போர்த்தபடி கிழமைக்கு ஐந்து நாள் சும்மா நிற்பவை. ஒன்றின் மேலே பின்வீட்டுப் பூனை மத்தியான நித்திரை கொள்ளும். அந்தக் கார் என்னுடையது. அந்தப் பூனைக்கு இந்தக் கதையில் ஒரு பங்கு இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

"அப்பா, ஹைபிரிட்டாய்ப் பாருங்கோ. பெற்றோல் மிச்சம்." என் மகன் சொன்னது இவ்வளவுதான். நீங்களும் இதே வசனத்தைத்தான் சொல்லியிருப்பீர்கள். எவ்வளவு மிச்சம், எத்தனை கிலோமீற்றர் ஓடினால் மிச்சம், எந்த றோட்டில் ஓடினால் மிச்சம் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவன் நான். நானும் கேட்கவில்லை. பிள்ளை ஆசையாய் அனுப்புகிற காசுக்குக் கணக்குப் பார்ப்பது அழகில்லை என்று நினைத்தேன். முப்பத்துநாலு வருசம் கணக்குப் படிப்பித்தவன் அப்படி நினைத்தது எவ்வளவு பெரிய பிழை!

உங்கள் பக்கத்து நியாயம் எனக்கு விளங்காமல் இல்லை. 2022ஆம் ஆண்டு நாங்கள் பெற்றோல் வரிசையில் நின்ற படங்களை நீங்கள் அங்கே இருந்து பார்த்தீர்கள். யூன் மாதம் ஒரு லீற்றர் 470 ரூபாய்க்குப் போனது. யூலையில் பங்கீட்டுக்குக் கியூஆர் அட்டை வந்தது. காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். எழுபது வயதுத் தகப்பன் விடியப்புறம் மூன்று மணிக்குக் காருக்குள் போர்வையோடு படுத்திருந்தால் எந்தப் பிள்ளைக்கு மனம் பொறுக்கும்? அந்த வருசம்தான் "இனி ஹைபிரிட்தான்" என்று நீங்கள் முடிவெடுத்தீர்கள்.

ஆனால் அந்த 20 லீற்றரையே எடுத்துப் பாருங்கள். பழைய மாருதி அல்டோ ஒன்று எங்கள் றோட்டில் லீற்றருக்கு 15 கிலோமீற்றர் ஓடும் என்று வைப்போம். கிழமைக்கு 300 கிலோமீற்றர். எனக்கும் மனைவிக்கும் ஒரு மாதத்து ஓட்டமே அவ்வளவு வராது. திருநெல்வேலிச் சந்தை, யாழ்ப்பாண ஆஸ்பத்திரி, வெள்ளிக்கிழமையில் நல்லூர், இடைக்கிடை பருத்தித்துறையில் தங்கை வீடு. பங்கீடு மிக இறுக்கமாக இருந்த காலத்திலும் சின்னக் கார் எங்களுக்குத் தாராளமாய்க் காணும். பங்கீடும் இல்லாமல் பெற்றோலே வராத நாட்களில் ஹைபிரிட்காரனும் அல்டோக்காரனும் ஒரே வரிசையில் ஒருவருக்கு ஒருவர் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்துக்கொண்டுதான் நின்றோம்.

ஹைபிரிட் எங்கே பெற்றோலை மிச்சம் பிடிக்கிறது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பிரேக் பிடிக்கும்போது வீணாய்ப் போகிற சக்தியை மோட்டர் பிடித்துப் பற்றறியில் சேர்க்கும். நெரிசலில் நிற்கும்போது எஞ்சின் அணைந்துவிடும். ஊர்ந்து போவதைப் பற்றறி பார்த்துக்கொள்ளும். பின்னேரம் ஐந்தரைக்குப் பம்பலப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தைக்குக் காலி வீதியில் போகிறவனுக்கு இது வரப்பிரசாதம். இணுவிலில் இருந்து திருநெல்வேலிச் சந்தைக்குப் போகிற எனக்கு என்ன நெரிசல்? மாடு ஒன்று குறுக்கே வரும். ரயில் கடவையில் ஐந்து நிமிடம் நிற்போம். அவ்வளவுதான். இன்னொன்று, குளிர்ந்து கிடக்கும் எஞ்சினை முதலில் சூடாக்க வேண்டும் என்று அந்தக் கார் தானாகவே எஞ்சினை ஓடவிடும். அது சூடாகி, இனி அணையலாம் என்று நினைக்கிற நேரம் நான் சந்தை வாசலில் இறங்கி வெண்டிக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டிருப்பேன்.

டொயோட்டா அக்குவா 2011 டிசம்பரில் யப்பானில் வெளிவந்தபோது, அந்நாட்டுப் பரிசோதனை முறையில் லீற்றருக்கு 35.4 கிலோமீற்றர் என்று அறிவித்தார்கள். நீங்கள் இணையத்தில் பார்த்து எங்களுக்குச் சொல்வது அந்த மாதிரி இலக்கங்களைத்தான். என் கொப்பியில் அப்படி ஓர் இலக்கம் ஒருநாளும் விழவில்லை. கொப்பி என்றது சும்மா இல்லை. கார் வந்த நாள் முதல் அடித்த ஒவ்வொரு லீற்றரும் அதில் இருக்கிறது. இருபதைத் தொட்ட மாதங்கள் நல்ல மாதங்கள்.

இனி முழுக் கணக்கையும் பலகையில் போடுகிறேன். வருசத்துக்கு 3,000 கிலோமீற்றர். பெற்றோல் லீற்றர் 300 ரூபாய் என்று வையுங்கள். அல்டோவுக்கு 200 லீற்றர், 60,000 ரூபாய். ஹைபிரிட்டுக்கு நான் சலுகை காட்டி 24 கிலோமீற்றர் போடுகிறேன். 125 லீற்றர், 37,500 ரூபாய். மிச்சம் வருசத்துக்கு 22,500. இரண்டு காருக்கும் விலை வித்தியாசம் 30 இலட்சம் என்று எடுப்போம். சந்தை விலை மாதத்துக்கு மாதம் மாறுகிறது, நீங்கள் உங்கள் இலக்கத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். 30 இலட்சத்தை 22,500ஆல் பிரித்தால் 133 வருசம். எனக்கு இப்போது வயது 69.

"கார் விற்றால் காசு திரும்பி வரும்தானே" என்பீர்கள். வரும், ஓரளவுக்கு. ஆனால் அந்த 30 இலட்சத்தை உங்கள் அம்மாவின் பேரில் வங்கியில் நிலையான வைப்பில் போட்டால், வட்டி 8 வீதம் என்றாலும் வருசம் 2,40,000 ரூபாய். மாதம் 20,000. அல்டோவின் முழுப் பெற்றோல் செலவையும் அந்த வட்டி நாலு தடவை கட்டும். மிஞ்சுகிற காசில் தூரப் பயணத்துக்கு ஒரு ட்ரைவரையும் பிடிக்கலாம். முதல் அப்படியே கிடக்கும். இந்தக் கணக்கை நான் கார் வந்து ஒரு வருசத்துக்குப் பிறகு, ஒருநாள் ராத்திரி கரண்ட் போன நேரம் அரிக்கன் வெளிச்சத்தில் போட்டேன். போட்டுவிட்டுக் கொப்பியை மூடி வைத்துவிட்டேன். மனைவிக்கும் சொல்லவில்லை.

இனிப் பூனைக்கு வருகிறேன்.

போன மார்கழியில் மழை விடாமல் ஒன்பது நாள் பெய்தது. காரை வெளியே எடுக்கவில்லை. பத்தாம் நாள் காலை மனைவிக்குக் கண் கிளினிக். பட்டனை அமத்தினேன். ஒன்றும் இல்லை. முன் கண்ணாடிக்குக் கீழே எப்போதும் பச்சையாய் எரிகிற எழுத்துகள் எரியவில்லை. பக்கத்து வீட்டுப் பொடியள் மூன்று பேர் ஓடிவந்து, "மாஸ்டர், தள்ளுவோமா?" என்றார்கள். அவர்கள் பழகிய கார் எல்லாம் தள்ளினால் ஸ்டார்ட் வரும் கார். இதைக் கீரிமலை மட்டும் தள்ளினாலும் வராது. பெரிய பற்றறியில் எவ்வளவு சக்தி இருந்தாலும், கம்பியூட்டரை எழுப்புகிற சின்னப் பன்னிரண்டு வோல்ற் பற்றறி செத்தால் கார் பிணம்தான். ஓட்டோ பிடித்துப் போனோம். கிளினிக்கில் எங்கள் இலக்கம் கடந்துவிட்டது; மற்ற மாதம் வரச் சொன்னார்கள்.

அந்தச் சின்னப் பற்றறியை மாற்றி இரண்டு மாதத்தில் சிவப்பு முக்கோணம் எரிந்தது. கூடவே திரையில் ஒரு வசனம். அது யப்பானிய மொழியில். கார் யப்பான் நாட்டுக்காரனுக்குச் செய்தது, எங்களோடு அது யப்பானிய மொழியில்தான் பேசும். படம் எடுத்து மகனுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். அங்கே பின்னிரவு மூன்று மணி. பிள்ளை எழும்பி, தன் போனில் மொழிபெயர்த்து, "ஹைபிரிட் சிஸ்டத்தைப் பார்க்கட்டாம் அப்பா" என்று சொன்னான். ஸ்கார்பரோவில் ஒருவன் நித்திரை முழித்து, இணுவிலில் நிற்கிற காரின் நோயை யப்பானிய மொழியில் வாசிக்க வேண்டியிருக்கிறது. சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

கராஜில் கருவியைச் செருகியபோது வந்த குறியீடு பீ சைபர் ஏ எண்பது. பற்றறியை மாற்று என்று அர்த்தம். மெக்கானிக் பின் சீற்றைக் கழற்றி, பற்றறிக்குக் காற்று இழுக்கும் விசிறியை எடுத்து என் கையில் தந்தார். விசிறி இதழ்களே தெரியவில்லை. செம்மண் தூசும் நூலும் பூனை மயிரும் சேர்ந்து, இலவம்பஞ்சுத் தலையணையைப் பிய்த்துத் திணித்ததுபோல் அடைத்துக் கிடந்தது. கண்ணாடியை இறக்கிவிட்ட நாட்களில் பூனை சீலைக்குக் கீழே புகுந்து பின் சீற்றில்தான் படுக்கும். "இதைத் துப்புரவாக்க வேண்டும் என்று ஒருத்தரும் சொல்லேல்லையா மாஸ்டர்?" என்று கேட்டார். கொழும்பில் காரை விற்றவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

அந்தப் பற்றறிக்குள் இருபது கூடுகள். ஒன்று பலவீனமானால் அதை மட்டும் மாற்றி, விளக்கை அணைத்துத் தந்துவிடலாம். அப்படித்தான் செய்தோம். ஐந்து மாதத்தில் இன்னொரு கூடு போனது. ஒரே நாளில் பிறந்த இருபது பேரில் ஒருவரை மட்டும் இளைஞராக்கினால் மற்றப் பத்தொன்பது பேருக்கும் வயது குறையுமா? கடைசியில் முழுப் பற்றறியையும் மாற்றினோம். என் ஓய்வூதியத்தில் எத்தனை மாதம் என்று இங்கே எழுத விரும்பவில்லை. மகன் இதையும் வாசிப்பான்.

ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள். இது அந்தக் காரின் குறை இல்லை. நல்ல கார். அதன் கையேட்டிலேயே இருக்கிறது: ஓடாமல் நின்றாலும் பற்றறி மெல்ல மெல்ல இறங்கும், சில மாதங்களுக்கு ஒரு தடவையாவது 30 நிமிடம் அல்லது 16 கிலோமீற்றர் ஓட்டுங்கள் என்று. ஓடப் பிறந்ததை நிற்க வைத்தது நாங்கள். இன்னொன்றும் இருக்கிறது. 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது; தனியார் கார்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். ஐந்து வருசம் புதுக்கார் இறங்காததால், வரிச் சலுகையில் முன்பு வந்து குவிந்த 2012, 2013ஆம் ஆண்டு ஹைபிரிட்களே கைமாறிக் கைமாறி விலை ஏறின. உங்கள் கைக்கு எட்டுகிற விலையில் இருப்பவை பெரும்பாலும் அவைதான். அவற்றின் பற்றறிக்கு வயது பத்தைத் தாண்டிவிட்டது. மீற்றர் காட்டுகிற கிலோமீற்றர் உண்மையா என்பது விற்கிறவருக்கும் கடவுளுக்கும் இடையிலான விடயம்.

கொஞ்சம் பழசு பேச விடுங்கள். 1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது எங்கள் ஊரில் கார் எப்படி ஓடியது என்று உங்களில் மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். என் தகப்பனாரின் ஒஸ்ரின் ஏ40 மண்ணெண்ணெயில் ஓடியது. ஸ்டார்ட் வருவதற்கு மட்டும் சில சொட்டுப் பெற்றோல். பிறகு புகையைக் கக்கிக்கொண்டு, இருமிக்கொண்டு சாவகச்சேரி மட்டும் போய்வரும். பற்றறிக்கும் தடை, சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட சனம் நாங்கள். பொனெற்றைத் திறந்தால் உள்ளே இருப்பது என்ன என்று விளங்குகிற காரில்தான் எங்கள் தலைமுறைக்கு ஒரு நம்பிக்கை. அது பழமைவாதமாகவும் இருக்கலாம். ஆனால் விடியப்புறம் நெஞ்சு நோகிற நேரத்தில், விளங்குகிற கார் தருகிற துணிவை நீங்கள் சின்னதாய் நினைக்காதீர்கள்.

சின்னக் கார் எல்லாம் தங்கம் என்று நான் சொல்ல வரவில்லை. 2014இல் குளோபல் என்கேப் நிறுவனம் எயார்பாக் இல்லாத அல்டோ 800ஐ மோதிப் பரிசோதித்தபோது பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. இதை மறைத்துவிட்டு உங்களுக்குப் புத்தி சொல்ல எனக்கு மனம் வராது. ஏ9 வீதியில் பஸ்கள் முந்துகிற விதத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் நியாயமானது. அதனால்தான் கிழவர்களுக்கு வாங்குகிறவர்கள் எயார்பாக் உள்ள, ஓட்டோ கியர் உள்ள, ஆயிரம் சீசீ அளவான சாதாரணப் பெற்றோல் காரைத் தேடவேண்டும் என்கிறேன். டொயோட்டா விட்ஸ் இருக்கிறது, பெரடுவாவில் சில இருக்கின்றன. விலை அல்டோவைவிடக் கூடத்தான். ஆனால் அந்தக் கூடுதல் உயிருக்குக் கொடுக்கிற காசு.

அதோடு ஹைபிரிட் என்ற ஒரே சொல்லை இரண்டு வேறு சாமானுக்குப் பாவிக்கிறார்கள். சுசுகி வகன் ஆரின் பின்கதவிலும் அந்தப் பெயர் ஒட்டியிருக்கும். அதில் இருப்பது சீற்றுக்குக் கீழே அடங்குகிற சின்ன லிதியம் பற்றறியும், எஞ்சினுக்குக் கொஞ்சம் கைகொடுக்கிற மோட்டரும். சில நேரங்களில் சில விநாடி ஊர்ந்து போகும், அவ்வளவுதான். 660 சீசீக்கு உட்பட்ட எஞ்சின்தான் வேலையைச் செய்கிறது. அக்குவாவும் பிரியஸும் வேறு சாதி. "ஹைபிரிட் வாங்குங்கோ" என்று நீங்கள் போனில் சொல்லும்போது எதைச் சொல்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரியாது. புறோக்கருக்கு நன்றாகத் தெரியும். மின்சாரக் காரைப் பற்றிக் கேட்பீர்கள். அதற்கு வேறு கொப்பி வேண்டும்.

ஹைபிரிட் யாருக்குப் பொருந்தும் என்றும் சொல்லவேண்டும். என் மருமகன் முறையான ஒரு பொடியன் கொழும்பில் வாடகைக் கார் ஓட்டுகிறான். ஏசியைப் போட்டபடி நாள் முழுக்க நெரிசலில் கிடக்கிறான். நான் ஒரு வருசத்தில் ஓடுவதை அவன் ஒன்றரை மாதத்தில் ஓடிவிடுவான். அவனுடைய அக்குவா நின்றதே இல்லை, அதனால் பற்றறியும் முறைப்பட்டதே இல்லை. விசிறியை மூன்று மாதத்துக்கு ஒருக்கால் தானே கழற்றித் துடைக்கிறான். வருமானத்தில் ஒரு பங்கைப் பற்றறிக்கு என்றே ஒதுக்கி வைக்கிறான். அவனுக்கு நீங்கள் ஹைபிரிட் வாங்கிக் கொடுங்கள், நான் வந்து தேங்காய் உடைக்கிறேன்.

ஆனால் எங்களுக்கு ஏன் வாங்கித் தருகிறீர்கள்? கோபிக்காதீர்கள். ஊர்க் கலியாணத்துக்கு வரும்போது மண்டப வாசலில் அந்தக் கார் வந்து நிற்க வேண்டும் என்ற ஆசை உங்களுக்குக் கொஞ்சம் இருக்கிறது. "மூத்தவன் அனுப்பினது" என்று சொல்லிக்கொள்கிற ஆசை எங்களுக்கும் இருக்கிறது. கொஞ்சம் இல்லை, நிறையவே. உங்களோடு இருக்க முடியாத குறையை நீங்கள் காசால் நிரப்பப் பார்க்கிறீர்கள். அதை வேண்டாம் என்று சொன்னால் உங்களை வேண்டாம் என்று சொன்னதுபோல் ஆகிவிடும் என்று நாங்கள் வாயை மூடிக்கொண்டு சாவியை வாங்குகிறோம். இரண்டு பக்கமும் வாய் திறக்காத இடத்தில் புகுந்து புறோக்கர் உழைக்கிறார்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இதுதான். காசு அனுப்ப முன்னம், இப்போது வீட்டில் என்ன வாகனம் நிற்கிறதோ அதன் மீற்றரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒரு மாதம் கழித்து இன்னொரு படம். வாகனமே இல்லாத வீடென்றால், ஓட்டோவில் எங்கே எங்கே போகிறார்கள் என்று அம்மாவிடம் கேளுங்கள்; அப்பாவிடம் கேட்டால் "எல்லா இடமும் போறம்" என்பார். ஓடுகிறவர் யார், அவருக்கு இரவில் கண் தெரியுமா, எந்தக் கியரில் கை பழகியிருக்கிறது என்று கேளுங்கள். கணக்கைப் போட்ட பிறகும் ஹைபிரிட்தான் என்று வந்தால் வாங்குங்கள். ஆனால் புறோக்கர் காட்டுகிற கராஜில் இல்லாமல், நீங்கள் தெரிந்தெடுத்த கராஜில் பற்றறியின் ஒவ்வொரு கூட்டையும் அளந்து பார்த்த பிறகு வாங்குங்கள். பற்றறி மாற்றுகிற காசையும் சேர்த்து அன்றைக்கே அனுப்புங்கள். அதை ஓய்வூதியத்தில் கட்டப் பெற்றோரை விடாதீர்கள்.

இந்த மடலை வெளியிடக் கொடுக்க முன்னம் மகனுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். கனநேரம் பேச்சில்லை. பனி அள்ளுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "போடுங்கோ அப்பா. ஆனா அந்தப் பூனையை முதல்ல துரத்துங்கோ" என்றான். பூனையைத் துரத்தவில்லை. கண்ணாடியை ஏற்றி விடுகிறேன்.

எங்கள் மீற்றர் போன மாதம் முதலாம் திகதி 61,204. இந்த மாதம் முதலாம் திகதி 61,431. கழித்துப் பாருங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
இணுவில்.